எண்ணெய் தீர்ந்தால் கனக்கும் கப்பல்

பக்கத்து வீட்டில் காலையிலிருந்து இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் பற்றவைப்பு நடக்கிறது. அந்தக் கருகல் வாடை ஜன்னல் வழியே வந்ததும் கணினியை அணைத்துவிட்டேன், மச்சான். லுமுட் படகுப் பட்டறையிலிருந்து நீ ஈப்போவில் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் சட்டையில் இதே வாடைதான்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தோம். நான் பட்டம் வாங்கினேன். நீ மூன்றாம் படிவத்தோடு, ஒன்பதாவது வருசத்திலேயே, படிப்பை விட்டுப் பட்டறைக்குப் போனாய். நாற்பது வயதில் நம்மைத் திரும்பச் சேர்த்தது ஒரு கடற்போர் கணினி விளையாட்டு. அதற்காக நான் ஒரு பழைய டீசல் நீர்மூழ்கிக் கப்பலைக் கணினியில் செய்து வெளியிட்டபோது, விளையாடுகிறவர்களின் இணையக் குழுவில் எல்லாரும் பாராட்டினார்கள். நீ மட்டும் எழுதினாய்: "மச்சான், கப்பல் வாத்து மாரி மெதக்குது லா. முக்காவாசி ஒடம்பு தண்ணிக்குள்ள இருக்கணும். இன்னொன்னு, எண்ணெ தீரத் தீர இது லேசாகக் கூடாது, கனக்கணும்."

"ஃபார்ம் த்ரீயோட நின்னவரு எனக்கு பிசிக்ஸ் சொல்லித் தர்றாரு" என்று பதில் போட்டேன். குழுவே சிரித்தது. "சரி லா, நான் சாப்பிடப் போறேன்" என்று எழுதினாய். அதற்குப் பிறகு நீ அங்கே எதுவும் எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பழைய கையேட்டில் படித்தேன். எண்ணெய் செலவாகச் செலவாக, அந்தத் தொட்டிக்குள் கடல்நீர் ஏறும். கடல்நீர் எண்ணெயைவிடக் கனம். நீர்மட்டக் கோடும் நீ சொன்ன இடத்தில்தான் இருந்தது. சத்தமில்லாமல் இரண்டையும் திருத்தி, என் பெயரை மட்டும் போட்டு வெளியிட்டேன். உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். அதற்குள் பட்டறையிலேயே, வேலை நேரத்தில், உன் இதயம் நின்றுபோனது.

காரியத்தன்று உன் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க திருத்துன கப்பல் வந்த அன்னிக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டுனாருண்ணே. 'பாரு, இப்பதான் சரியா உக்காருது. என் கூட்டாளி செஞ்சது'ன்னாரு."

நான் தலையாட்டினேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "ரொம்ப கஷ்டப்பட்டுதான் செஞ்சேன் தங்கச்சி" என்றேன்.

பிறகு விளையாட்டில் உன் பெயரைச் சேர்த்தேன். நடந்ததைக் குழுவிலும் எழுதினேன். ஆளாளுக்குக் கைகூப்பும் படம் போட்டார்கள். அதெல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு பீடோருக்குப் போய் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவளிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து.

"தெரியும்ணே" என்றாள். "'நீங்க சொன்னதுதானே, ஏன் ஒங்க பேரு இல்லை'ன்னு அன்னிக்கே அவருகிட்ட நான்தான் கேட்டேன். 'கேட்டா அவனுக்கு வெக்கமாப் போயிரும், விடு'ன்னாரு."

திரும்பி வரும் வழியில், காம்பாரில் காரை ஓரங்கட்டி உட்கார்ந்திருந்தேன். எனக்கு வரக்கூடாது என்று நீ தடுத்து வைத்திருந்த வெட்கம் முழுதாக வந்து சேர்ந்துவிட்டது, மச்சான். அது என்னிடமே இருக்கட்டும்.