பெயருக்குப் பக்கத்தில் என்ன போடுவது

மாமா, இன்று நம் வீட்டில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். உங்களுக்குப் பிடிக்காததும் இதில் வரும்.

காலையில் அம்மா உங்கள் சட்டையைத் துவைக்க எடுத்தாள். ஈயம் பற்றவைக்கும் வாடை அதில் இன்னும் இருந்தது. பிடுங்கி என் அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

அந்த வாடையோடுதான் லஸ் நடைபாதையில் பழைய புத்தகங்களைக் கிளறுவீர்கள். தேனீ வளர்ப்பு, உருதுப் பாலபாடம், நட்சத்திரப் படம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாதவற்றை வாங்குவீர்கள். "எல்லாத்தையும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரணும்மா" என்பீர்கள். இயற்பியலில் சேர்ந்துவிட்டுத் தாவரவியல் வகுப்பில் போய் உட்கார்ந்தீர்கள். படிப்பு பாதியில் நின்றது. நீங்கள் சரிசெய்த மிக்ஸி ஒருமுறை புகைந்தது. அதையும் எழுதத்தானே வேண்டும்.

சாயங்காலம் உங்கள் பதினாறாம் நாள் பத்திரிகையை எழுதப் பெரியமாமாவும் அத்தையும் வந்தார்கள்.

"தம்பி பேருக்குப் பக்கத்துல என்ன போடறது? சும்மா விட்டா சம்பந்தி வீட்ல என்ன நெனைப்பாங்க?" என்றார் பெரியமாமா.

"வெட்டியா இருந்தார்னுதான்" என்று அத்தை சிரித்தாள். "இன்ஜினீயர்னு போடுங்க. யாரு சர்டிஃபிகேட் கேக்கப் போறா?"

பெரியமாமாவின் கண் ஆஸ்பத்திரிக்கு வயரிங் செய்தது நீங்கள். வாசல் போர்டை எழுதியதும் நீங்கள்.

"பொய் போடாதீங்க பெரியமாமா."

"அப்ப நீயே சொல்லு. அவன் என்ன?"

"எல்லாம்தான்."

"எல்லாம்னா ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம். நீயாவது ஒண்ணப் புடிச்சிக்க. இல்லேன்னா அவனாட்டம்தான்."

'இன்ஜினீயர்' என்று எழுதினார். உங்கள் கூடப்பிறந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

அப்போது மின்விசிறி முனகி நின்றது. பெரியமாமா நிமிராமலே உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பாதிப் பெயரில் நிறுத்திக்கொண்டார்.

"அய்யோ, வேர்த்துக் கொட்டுதே. யாராவது பாருங்களேன்" என்றாள் அத்தை.

"இன்ஜினீயரைக் கூப்பிடுங்க" என்றேன்.

விசிறியில் கண்டென்சர்தான் போயிருக்கும். உங்கள் பெட்டியில் புதிது ஒன்று இருக்கிறது. நீங்கள் மாற்றும்போதெல்லாம் ஸ்டூலைப் பிடித்தவள் நான்.

"நான் மாத்தறேன். முதல்ல அந்த வார்த்தைய அடிங்க."

பெரியமாமா கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடித்தார். காற்றுக்காக அடித்தார் மாமா, உங்களுக்காக இல்லை. பத்திரிகையில் இப்போது உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. ஜெயித்த சந்தோஷம் துளிகூட எனக்கு இல்லை.

"ஸ்டூலைப் பிடிங்க" என்றேன். பிடித்தார். அம்மா எழுந்து போய் டார்ச்சை எடுத்து வந்தாள்.

"மெயின இறக்காம எதுலயும் கை வைக்காதே." உங்கள் குரல் அப்படியே காதில் இருக்கிறது. வாசல் பக்கம் போய் மெயினை இறக்கினேன். வீட்டின் விளக்குகள் எல்லாம் அணைந்தன.