சிவப்பு வட்டம் போட்ட ஞாயிறு

பிப்ரவரி 27, செவ்வாய்

குட்டிக்குத் தடுப்பூசி போட்டு வந்தோம். தொடை வீங்கியிருக்கிறது. எட்டு மாதக் குழந்தைக்கு இவ்வளவு குரல் எங்கிருந்துதான் வருகிறதோ. அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நூறு நடை நடந்தார். "பகல் பூரா ஊரார் லிஃப்டை ரிப்பேர் பண்றேன். வீட்டுக்கு வந்தா நானே லிஃப்ட்" என்றார். சிரித்தேன். காய்ச்சல் நூறைத் தாண்டவில்லை. நாலு தடவை பார்த்தாயிற்று. ஐந்தாவது தடவை தெர்மாமீட்டரை எடுத்தபோது பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார்.

கண்ணாடிக் கடை முதலாளியம்மா போன் செய்தார். கண் பரிசோதிக்க ஆள் கிடைக்கவில்லையாம், எப்போது வருகிறாய் என்கிறார். குட்டியை யாரிடம் விடுவது?

மார்ச் 1, வெள்ளி

ஜன்னலோரம் உட்கார்ந்து குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு நேரே ஒரு டிரோன் வந்து நின்றது. உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. தரைத்தள வீட்டில் கேமராக்காரர் இருக்கிறார், கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். அவருடையதுதான். நாலு மாடியும் இறங்கிப் போய்க் கத்தினேன்.

"ஐயோ தங்கச்சி, காத்துல ஒதுங்கிடுச்சு. கேமராவே மாட்டல, நீங்களே பாருங்க."

உண்மைதான், மாட்டவில்லை. அவர் மனைவி தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து அவர் பின்மண்டையில் ஒன்று போட்டாள். "பச்சப்பிள்ளக்காரி வீட்டுப் பக்கம் விடாதேன்னு எத்தன தடவ சொல்றது?" எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இவரிடம் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 3, ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும். வரிசை தப்பினால் பொய்யாகிவிடும்.

பகல் பன்னிரண்டு இருபது. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். குட்டி பாயில். நிமிர்ந்தால் — அது.

கழுவி வைத்த ஈயத்தின் நிறம். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து. சத்தமே இல்லை. கொடியில் துணியெல்லாம் காற்றில் படபடவென்று அடிக்கிறது, அது மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. வெயில் மேலேயிருந்து விழுகிறது, ஆனால் அதன் அடிப்பக்கம்தான் வெளிச்சமாக இருந்தது.

பக்கத்தில் அளவு தெரிந்த பொருள் எதுவும் இல்லையென்றால், வானத்தில் இருப்பது தட்டளவா வீட்டளவா, கிட்டத்திலா எட்டத்திலா என்று கண்ணால் சொல்லவே முடியாது. இது எனக்குத் தெரியும். கண்தான் என் பிழைப்பு. தெரிந்தும் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "கேமராக்காரர் டிரோன் திரும்ப வந்திருக்கு. மாடியில குழந்தையோட தனியா இருக்கேன்."

எழுதி, சிவப்பு வட்டம் போட்டேன்.

போன வருடம் மூன்றாம் மாடியில் திருடன் புகுந்த பிறகு சங்கத்தில் போட்ட விதி அது. யார் சிவப்பு வட்டம் போட்டாலும் வீட்டிலிருக்கும் ஆண்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். முதலில் இறங்கணும், அப்புறம்தான் கேள்வி. இதுவரை இரண்டே தடவை போட்டிருக்கிறார்கள். ஒரு பாம்புக்கு, ஒரு கேஸ் கசிவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில்.

நான் அதை வீடியோ எடுக்க ஆரம்பித்திருந்தேன். கீழே சத்தம் கேட்டதும் போனைக் கைப்பிடிச் சுவருக்கு மேல் நீட்டிக் கீழே திருப்பினேன். கேமராக்காரர் வாசற்படியில் நிற்கிறார். பாதி முகத்தில் சவர நுரை. அவரும் அதைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத்துச் செகரட்டரி ஓடி வந்ததும் கையை உயர்த்திக் காட்டினார். "சார், அதோ பாருங்க சார்—"

செகரட்டரி கையிலிருந்த துடைப்பக் கட்டை தோளில் விழுந்தது. பிறகு ஏழெட்டுப் பேர். பிறகு இவர். லிஃப்ட் கதவை நெம்புகிற கம்பியோடு.

கம்பி முகத்தில் இறங்கிய சத்தம் நாலு மாடி ஏறி வந்தது. நுரை சிவப்பாயிற்று. விழுந்தவரை வயிற்றில் மிதித்தார்கள். அவர் மேல் குப்புற விழுந்து மறைத்த மனைவியைக் கூந்தலைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். இவர் மறுபடி கம்பியை ஓங்கினார். மறுபடி. மூன்று.

யாரோ உள்ளே போய் டிரோனைத் தூக்கி வந்தார்கள். பெட்டிக்குள் இருந்தது. பெட்டியோடு போட்டு உடைத்தார்கள். தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது டிரோன். போனை மேலே திருப்பினேன், அது அப்படியே நின்றுகொண்டிருந்தது.

ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லையே.

நான் பார்த்தேன். 'அது மேலேயே இருக்கு'ன்னு கத்தியிருக்கலாம்ல. மூணு வார்த்தை. வாயைத் திறந்தேன், காத்துதான் வந்துச்சு. கை மட்டும் வீடியோ எடுத்துக்கிட்டே இருந்துச்சு. என்ன ஜென்மம் நான்?

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு அது இல்லை. போகவில்லை. இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 4, திங்கள்

ரத்தம் பட்ட சட்டையை மூன்று தண்ணீரில் அலசினேன். இவர் ராத்திரி முழுக்க வாந்தி. காலையில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். வீடியோவைக் காட்டினேன். டிரோன் உடைந்த பிறகும் அது மேலேயே நின்றதைக் காட்டினேன்.

"நீ போட்ட வட்டத்துக்குத்தான்டி இறங்கினேன்."



குழுவில் செய்திகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. என்னுடையதையும் செகரட்டரி அழித்துவிட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று நிற்கிறது, அவர் போட்டது: "நேற்று யாரும் கீழே இறங்கவில்லை. கேமராக்காரர் படியில் வழுக்கி விழுந்தார்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

இருபது வீடு ஒரு பக்கம். தையல்காரி ஒருத்தி ஒரு பக்கம்.

வீடியோவை அக்காவுக்கு மட்டும் அனுப்பினேன். ஏன் அனுப்பினேன்? தனியாக வைத்திருக்கப் பயமாக இருந்தது.

மார்ச் 6, புதன்

பெண் இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்தார். வானத்தில் பார்த்ததைப் பற்றிக் கடகடவென்று சொன்னேன், நிறம், வெளிச்சம், பதினோரு நிமிடம். பொறுமையாகக் கேட்டார்.

"அது என்னன்னு கண்டுபிடிக்க எங்களால ஆகாதும்மா. கீழ என்ன நடந்துச்சு?"

இவர் குட்டியோடு அறை வாசலில் நின்றார்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் உள்ள இருந்தேன்."

இப்போதுதானே மாடியில் நின்று பார்த்தேன் என்றாய் என்று அந்தம்மா கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார்.

மார்ச் 7, வியாழன்

கேமராக்காரரின் இடது கண். எடுத்துவிட்டார்களாம்.

மார்ச் 9, சனி

வீடியோவை அழி என்றார். மாட்டேன் என்றேன். எனக்கே ஆச்சரியம், அவ்வளவு சாதாரணமாக வந்தது.

"என்னை உள்ள தள்ளிட்டு நீ என்ன பண்ணுவ? பிள்ளைக்கு யார் சோறு போடுவா?"

"நான் போடுவேன்."

அறைந்தார். குட்டி என் இடுப்பில் இருந்தாள். நான் சாய்ந்ததில் அவள் தலை கதவு நிலையில் மோதியது. ஒரு நொடி அவளிடமிருந்து சத்தமே இல்லை. அந்த ஒரு நொடி. பிறகு வீல் என்று கத்தினாள். உசிரு வந்துச்சு எனக்கு. இவர் நிற்கவில்லை. போனைப் பிடுங்கித் தரையில் போட்டுக் குதிகாலால் மிதித்தார். தடுக்கப் போனேன், மறுபடி அறை. உதடு கிழிந்தது. மிதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலேயிருந்து பார்த்த அதே கால்.

பிறகு அவரே ஐஸ் கொண்டுவந்து குட்டியின் தலையில் வைத்தார். வைத்துக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டார். அவளிடமும் இருக்கிறது என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. "அழிச்சிட்டேங்க மாப்பிள்ளை, எனக்கெதுக்கு அந்தக் கண்றாவி" என்றாளாம். நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்.

குட்டியைத் தூங்கவிடாமல் இரண்டு மணி நேரம் விளையாட்டுக் காட்டினேன். வாந்தி இல்லை. கண்மணி இரண்டும் ஒரே அளவில் சுருங்குகின்றன. டார்ச் அடித்து அடித்துப் பார்க்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

அவர் வேலைக்குப் போனதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். தன் போனை எடுத்து என் கையில் திணித்தாள்.

"அழிக்கலடி லூசு. அந்த ஆள்கிட்ட அப்படித்தான் சொல்ல முடியும்."

நேரே போலீசுக்குப் போகச் சொன்னாள். நான் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல்காரி வார்டு வாசலில் பெஞ்சில் இருந்தாள். முன்னால் நின்று சொன்னேன். வட்டம் போட்டது நான். அது உங்க வீட்டு டிரோன் இல்லை. எல்லாத்தையும் மேலேயிருந்து படம் எடுத்தேன். போலீஸ்கிட்ட பொய் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். கத்திரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன விரலால் என் கன்னத்து வீக்கத்தைத் தொட்டாள்.

"அதே கையா?"

தலையாட்டினேன்.

"சரி. மொதல்ல போயி அதக் குடுத்துட்டு வா. அப்புறம் உன்னப் பேசிக்கறேன். பேசாம விடமாட்டேன்."

போய்க் கொடுத்தேன். முதல் வாக்குமூலம் பொய் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

அவரை நேற்றே போலீஸ் பிடித்துப் போய்விட்டது. அக்கா வீட்டுக்கு இரண்டு பெட்டி, தொட்டில், மடக்கு நாற்காலி. ஆட்டோ கிளம்பும்போது செகரட்டரி மனைவி பால்கனியிலிருந்து, "புருஷன் ரத்தத்தக் குடிச்சிட்டுப் போறா பாரு" என்றாள். மேலேயிருந்து ஒரு செருப்பு வந்து ஆட்டோ கூரையில் விழுந்தது. குட்டி சத்தத்துக்குச் சிரித்தாள்.

ஜூலை 15, திங்கள்

நாளை என் சாட்சி. அவரை ஜெயிலிலிருந்து கூட்டி வருவார்கள். செகரட்டரியும் மற்றவர்களும் ஜாமீனில்.

அவர்கள் வக்கீல் அந்தப் பொருளைப் பற்றித்தான் கேட்பாராம். வானத்தில் என்னமோ பார்த்தேன் என்கிறவள் பேச்சை எப்படி நம்புவது என்று. வானிலை ஆபீஸ் அன்று பலூன் எதுவும் விடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அது என்ன என்று இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, அதையே சொல்லப்போகிறேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதியதால் ஒருவருக்குக் கண் போயிற்று என்றும் சொல்வேன்.

குட்டி இரண்டு அடி நடக்கிறாள், மூன்றாவதில் விழுகிறாள். அக்காவும் என்னோடு வருவதால் விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, அவளும் வருகிறாள். அப்பாவைப் பார்த்தால் கையை நீட்டுவாள். நீட்டட்டும். அக்காவிடம் சொல்லிவிட்டேன், அவள் கையைப் பிடித்து இழுக்காதே என்று.