பல் முளைக்காத பிள்ளைக்கு வந்த கதைப்புத்தகம்

யேசு மரி சூசை துணை

பேசாலை
ஆவணி 2012

அன்பு மகள் அன்ரோனெற்றுக்கு அப்பா எழுதுவது. வெற்றி மாதாவின் காவலில் நானும் உன் தங்கச்சி மதுஷிகாவும் அவள் புருஷன் கொலின்சும் பிறந்த பிள்ளையும் சுகமாய் இருக்கிறோம், அந்த நோர்வேக் குளிரிலும் மாதா உன்னைப் போர்த்திக் காக்கட்டும். பார்சல் வந்தது. சவுக்காரம், சொக்கிலேற், பிள்ளைக்குத் துவாய் எல்லாம் சரி, அந்தக் கதைப்புத்தகம் யாருக்கு? பல் முளைக்காத பிள்ளை புத்தகம் வாசிக்குமா? அதுதான் தங்கச்சி கண்ணில் படமுன் நான் எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். தமிழில் பெயர்த்த கதை. வெள்ளைக்காரக் குடும்பம், இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவள் செய்யாத குழப்படி இல்லை, அக்காள் ஆசையாய் வளர்த்த வாத்தைத் திறந்து விடுகிறாள், பேச்சு விழுவது அக்காளுக்கு, நீதானே மூத்தவள், விட்டுக்கொடு என்கிறார்கள். தகப்பன் கதிரையில் சுருட்டோடு இருந்து எல்லாம் பார்க்கிறான், வாய் திறக்கிறானில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன் மகள். அந்த ஆள் நானா? மீள்குடியேறி வந்தபோது கிடைத்த வீட்டை, நீ தூரத்தில் என்று தங்கச்சி பெயரில் பதிந்ததில் இருந்து நீங்கள் இருவரும் கதைப்பதில்லை, இப்போது வாத்தைக் காட்டி என்னைக் குத்துகிறாயோ என்று நினைத்தேன். தாராபுரத்துச் சரிபுதீன் மாஸ்ரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “இது நாங்கள் பிறக்க முந்தி எழுதின கதை கிறகரி, உங்கட குடும்பத்தை அவங்களுக்குத் தெரியாது” என்றார். எழுதினவருக்குத் தெரியாது, அனுப்பினவளுக்குத் தெரியுமே.

புத்தகத்தை அலுமாரியில் என் சாரங்களுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். பிறகு பார்த்தால் சாரங்களுக்கு மேலே கிடக்கிறது, பிள்ளைப் பவுடர் மணக்கிறது. இனி வீட்டில் சண்டைதான் என்று காத்திருந்தேன். தங்கச்சியோ பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, “அந்த அக்கா பாவமப்பா, சின்னதுக்கு முதுகிலை ரெண்டு போட ஒருத்தரும் இல்லையே” என்கிறாள். தெரியாமல் சொன்னாளோ தெரிந்துதான் சொன்னாளோ, கண் கலங்கியிருந்ததைக் கண்டேன். ஞாயிறு பூசை முடிய ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்கப் போனோம். ஞானத்தாய் யார் என்று சுவாமி கேட்க, நான் வாய் திறக்க முன் உன் பெயரைச் சொல்லிவிட்டாள், கொலின்சின் அக்கா உனக்குப் பதிலாக நிற்பாளாம். வரும் வழியில், “அவளைக் கேட்டனியோ?” என்றேன். துவாயை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

கேட்காமல் அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லை அவள். பொழுதுபட்டால் போனோடு கிணற்றடிக்குப் போகிறாள், சிரிக்கிறாள், நான் கிட்டப் போனால், “அது இவர்தான் அப்பா” என்கிறாள். கொலின்ஸ் அந்த நேரம் மீன்பிடிக்கப் போய் நடுக்கடலில், அங்கே போன் எடுக்காது. அது நீதான் என்று எனக்குச் சந்தேகம். எனக்கு இரண்டு பிள்ளைகளும் வேண்டும் மகள். நான் சந்தேகப்பட்டதெல்லாம் பிழையாய்ப் போகட்டும், இது ஒன்று மட்டும் சரியாய் இருக்க வேண்டும் என்று செபமாலை முடிய மேலதிகமாய் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, யேசுவின் ஆசீர் உன் தலைமேல் இருக்கட்டும். ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை ஞானத்தாய்தான் அனுப்ப வேண்டும், மறந்துவிடாதே. அளவை எனக்கு எழுதிக் கேட்காதே, தங்கச்சியிடமே கேள்.

அன்புள்ள அப்பா
கிறகரி