மணப்பந்தலில் குவாங்லிங் சான்

கல்லடி
03.07.2024

சஹ்லாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிக் கை பழகிவிட்டது. இந்தமுறை எழுதிவிட்டு வெட்டினேன். உன் நம்பரையும் போனில் புளொக் பண்ணிவிட்டேன். ஆனால் திட்டவேண்டியதைத் திட்டி முடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் தபால்.

ஞாயிற்றுக்கிழமை உன் ஹோட்டல் முதலாளியின் மகளுக்குக் கலியாணம். நீ கூப்பிட்டாய் என்ற ஒரே காரணத்துக்காக மகள் விதுர்ஷாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வாவிக்கரையில் கண்ணாடி மண்டபம். தர்ப்பூசணியில் வெட்டிய அன்னம், இறாலின் மேல் மஞ்சளாக ஏதோ பசை. அந்த மணத்திலேயே வயிறு புரட்டத் தொடங்கியது. பிறகு மணப்பெண் உள்ளே வந்தாள். ஒலிபெருக்கியில் என் குச்சின், என் சீன வீணை! போன மாரியில் உனக்கு மட்டும் என்று வாசித்து அனுப்பியது. அதற்கு அடியில், வாவியில் மீன் பாடுகிற சத்தமாம், கொர் கொர் என்று எதையோ சேர்த்திருந்தீர்கள். அறிவிப்புக்காரன் "சீனத்து ஆதிகால மங்கல இசை" என்றான்.

ரோட்டு வேலைக்கு வந்த சீன இஞ்சினியரின் தாய் பக்கத்து மேசையில் இருந்தா. சாப்பிட்டுக்கொண்டிருந்தவ கரண்டியை வைத்துவிட்டா. எனக்குச் சீனம் தெரியும் என்று தெரிந்ததும் கேட்டா: "மகள், கலியாண வீட்டில் ஏன் கழுத்து வெட்டப்போகிறவனின் பாட்டைப் போடுகிறார்கள்?" இறாலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்தப் பாட்டின் பெயர் குவாங்லிங் சான். நான் ஸ்கொலர்ஷிப்பில் போய்க் குச்சின் படித்த யாங்சௌவின் பழைய பெயர்தான் குவாங்லிங். தகப்பனைக் கொன்ற அரசனைப் பழிவாங்க ஒருவன் குச்சின் படித்து, அதன் வயிற்றுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு அரண்மனைக்குப் போனானாம். பாட்டின் கதை அது. ஏழு தந்தியில் முதலாவது அரசன், இரண்டாவது மந்திரி என்பார்கள். இந்தப் பாட்டுக்கு இரண்டாவதைத் தளர்த்தி முதலாவதின் சுருதிக்கே கொண்டுவருவோம். அரசனும் மந்திரியும் ஒன்று என்று ஆகிவிடுகிறதே, அதற்காகவே பழைய பண்டிதர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். பிறகு, ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால், ஜி காங் என்பவனைப் பொய்க் குற்றம் சாட்டிக் கொல்லக் கொண்டுபோனார்கள். நண்பன் ஒருவனுக்காக வாய் திறந்ததுதான் அவன் செய்த பிழை. கொலைக்களத்தில் குச்சினை வாங்கி இதை வாசித்துவிட்டு, இத்தோடு இந்தப் பாட்டு முடிந்தது என்றானாம். அதற்குத்தான் உங்கள் பெண் ரோசாப்பூ எறிந்துகொண்டு நடந்து வந்தாள். தூ.

இது போதாது என்று உன் முதலாளி என்னிடம் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். "சஹ்லா எல்லாம் சொன்னா. இனி ஹோட்டல்ல ராச்சாப்பாட்டு நேரத்தில வாசிக்க வாறீங்களாம். சீன உடுப்பும் தைக்கக் குடுத்தாச்சு." என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுத்தாய். பெயரோடு என் சட்டை அளவையும் கொடுத்தாய். ஆட்கள் நண்டு உடைத்து உறிஞ்சும் சத்தத்துக்கு நடுவில் நான் பட்டுடுத்திக்கொண்டு வாசிக்க வேண்டும், என்ன?

ஜி காங்குக்கும் இப்படி ஒரு கூட்டாளி இருந்தான். ஷான் தாவோ என்று பெயர். தன் அரசாங்க உத்தியோகத்துக்கு ஜி காங்கின் பெயரைச் சிபாரிசு செய்தான். ஜி காங் நட்பை முறித்து ஒரு கடிதம் எழுதினான். எனக்குக் காலையில் எழும்பப் பிடிக்காது, உடம்பெல்லாம் பேன், அரச உடுப்பைப் போட்டுக்கொண்டு சொறியவும் முடியாது, என்னை விட்டுவிடு என்று. இன்றைக்கும் சீனத்தில் பிள்ளைகள் அந்தக் கடிதத்தைப் படிக்கிறார்கள். இது அந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்.

இனி உனக்கு ஒன்றுமில்லாத,
கஜானி


காத்தான்குடி
11.07.2024

என் அன்புக் கஜானிக்கு,

நீ ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் ஸலாம் சொல்லித்தான் தொடங்குவேன்.

நீ அந்தப் பாட்டை அனுப்பியபோது பெயர் சொல்லவில்லை. "கேள்" என்று ஒரு சொல் மட்டும். நான் கேட்டேன், அழகாக இருந்தது. என் கூட்டாளி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பல்லிக்கு வாசிக்கிறாளே, நாலு பேர் கேட்கட்டும் என்று நினைத்தேன். கேட்டுச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பிழைதான். சட்டை அளவு கொடுத்தது அதைவிடப் பெரிய பிழை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உனக்கு அருவருப்பு வராத சாமான் ஒன்று சொல்லு பார்ப்போம். உன் ஸ்கூல் அதிபரின் சென்ட், பெற்றோர் கூட்டத்து ரோல்ஸ், என் போன் மணி, எல்லாம் உனக்குக் குமட்டும். கம்பஸ் காலத்திலிருந்து உன்னோடு சாப்பிட்டவள் நான். உன் சுளித்த முகத்துக்கு எதிரில் இருந்து சாப்பிட்டு எனக்கு வயிறு நிறைந்துதான் இருக்கிறது.

முதலாளியிடம் நீ வரமாட்டாய் என்று சொல்லிவிட்டேன். சீன உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், உம்மா வெட்டித் தலையணை உறை தைத்துவிட்டா. ஆனால் பாட்டு என் கையை விட்டுப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பொடியன்கள் அதைப் போனில் போட்டுக்கொண்டு ஆடி வீடியோ எடுக்கிறார்கள். நேற்று நான் தனியே இருந்து திரும்பக் கேட்டேன். நடுவில் தந்தியில் வெட்டுகிற மாதிரி ஓர் இடம் வருகிறதே, அங்கே எனக்கே என்னை நினைக்கச் சீ என்று போய்விட்டது.

விதுர்ஷாவை ஏன் வெள்ளிக்கிழமை அனுப்பவில்லை? அவளுக்கு மட்டும் என்று வைத்த மரக்கறிச் சட்டியை உம்மா கழுவிக் கவிழ்த்து வைத்தபடி இருக்கிறா. "சாச்சி" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னோடு கோபம் என்றால் என்னோடு வைத்துக்கொள்.

அந்த ஜி காங்குக்குப் பிள்ளை குட்டி இல்லையா? தலையைக் கொடுக்கப் போனவன் அதற்கு என்ன ஏற்பாடு செய்தான்? அதை நீ எழுதவில்லை.

உன்,
சஹ்லா


காத்தான்குடி
02.08.2024

கஜானி,

பதில் இல்லை. சரி.

நேற்று ஆஸ்பத்திரி வாசலில் உன்னைக் கண்டேன். நீயும் கண்டாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாய். கழுத்தெலும்பு தெரிகிறது. என்ன கா இது? திட்டியாவது எழுது.

சஹ்லா


கல்லடி
20.08.2024

சஹ்லா,

கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. அந்த வீடியோவை என் வகுப்புப் பிள்ளையே எனக்குக் கொண்டுவந்து காட்டினாள். பார்த்துவிட்டு வாய் கொப்பளித்தேன்.

ஆனால் கலியாணத்தன்று வயிறு புரட்டியதற்கு நீ மட்டும் காரணம் இல்லையாம். ஸ்கேன் பார்த்த டொக்டர் சொல்கிறார். குடலில் கட்டி. சனிக்கிழமை கொழும்புக்குப் போகிறேன், அடுத்த கிழமை வெட்டுவார்கள். பிழைப்பேனா என்று கேட்டேன். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பொய் சொல்லாத மனிதர், அவரில் மட்டும் எனக்கு அருவருப்பு இல்லை.

மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து கட்டிலில் இருந்து உச்சுக்கொட்டுகிறவர்களைப் பார்க்க முடியவில்லை. விதுர்ஷாவின் அப்பா கட்டாரிலிருந்து, அங்கே இருக்கிற மற்றப் பெண்டாட்டிக்குத் தெரியாமல், அழுகிற பொம்மைப் படம் ஒன்று அனுப்பினார். அவரின் தமக்கை வந்து பிள்ளையின் தலையைத் தடவி, "நான் பாத்துக்குவன், நீ யோசியாத" என்றா. தடவிக்கொண்டே கூரையைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா, கிணற்றை எட்டிப் பார்த்தா. போனபிறகு பிள்ளைக்குத் தலை முழுக வார்த்துவிட்டேன்.

நீ கேட்டாயே, ஜி காங்குக்குப் பிள்ளை இல்லையா என்று. இருந்தான், பத்து வயது மகன். விதுர்ஷாவின் வயது. சாகப்போகிற நேரம் யாரிடம் விட்டான் தெரியுமா? அண்ணன் இருந்தும் அண்ணனிடம் விடவில்லை. ஷான் தாவோவிடம் விட்டான். முறித்துக் கடிதம் எழுதினானே, அதே ஆளிடம். "ஷான் தாவோ இருக்கிறார், நீ அநாதை இல்லை" என்று பிள்ளையிடம் சொன்னானாம். ஷான் தாவோவும் அவனைப் பார்த்து வளர்த்தான்.

யாங்சௌவில் டீச்சர் இதைச் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. மூஞ்சியில் துப்பிவிட்டு அவனிடமே பிள்ளையைக் கொடுப்பதா, என்ன வெட்கங்கெட்ட வேலை என்று நினைத்தேன். அதனால்தான் உனக்கும் அந்தப் பகுதியை எழுதாமல் விட்டேன். இப்போது என் சொந்தங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டேன். அதில் ஒருவரிடமும் எனக்குக் கோபித்துக் கடிதம் எழுதத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை விதுர்ஷாவை அனுப்புகிறேன். அன்றைக்கு மரக்கறி, உம்மாவுக்குத் தெரியும். ஹோட்டல் ஷாம்பு அவள் தலையில் படக்கூடாது. அந்தத் தலையணை உறையில் அவளைப் படுக்கவிடாதே, நினைக்கவே சகிக்கவில்லை. குச்சினும் அவளோடு வருகிறது. முதல் இரண்டு தந்தியும் ஒரே சுருதியில் நிற்கிறது. அப்படியே நிற்கட்டும், யாரும் முறுக்க வேண்டாம்.

நான் திரும்பி வந்தால் மிச்சத்தைத் திட்டுவேன். இன்னும் நிறைய இருக்கிறது.

நேற்று அவளை மடியில் வைத்துச் சொன்னேன்: "உன்ர சாச்சி இருக்கிறா. நீ தனிய இல்ல மகள்." அவள் அழவில்லை. தன் மரக்கறிச் சட்டி இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

அவள் வந்து சேர்ந்ததும் போனில் ஒரு கோல் எடு. புளொக்கை எடுத்துவிட்டேன்.

அன்புள்ள,
கஜானி