மேருமணியில் நிற்காத விரல்

அன்புள்ள அம்மாவுக்கு வீரலட்சுமி வணக்கம். முட்டி வலி தேவலையா? ஓசூரில் நாங்கள் நலம்.

நேற்று விளக்கேற்றியபோது இருந்தது நானும் உங்கள் பேத்தி தமிழ்செல்வியும் மட்டும்தான். உங்கள் மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போயிருந்தார். பத்தாம் தேதி இவள் கல்லூரியில் பேச வேண்டுமாம். செல்லுக்குள் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் மணிமணியாக வரிசையில் இருக்கின்றனவாம். அவற்றின்மேல் ஒரு நொதி ஓடி, நூல்போல நகலெடுக்கிறது. அது எப்படி நிற்கிறது என்பதுதான் பாடம்.

நீங்கள் ராமேஸ்வரத்தில் வாங்கித் தந்த ஜபமாலையைக் காட்டி, "மாலை முடியுற பெரிய மணி, மேருமணி வந்ததும் விரல் தானா நிக்குதே, அப்படியா?" என்றேன்.

"தானா நிக்காதும்மா. ஒரு புரதம் குறுக்க உக்காந்து மறிக்கும். பின்னாடி வேற ஒண்ணு நகல் நூலை வெட்டிவிட்டதும், இன்னொண்ணு வெட்டுன முனையிலேர்ந்து நூலைத் தின்னுக்கிட்டே துரத்தி வந்து நொதியைத் தள்ளிவிடும்."

"அப்ப நிறுத்துனது மறிச்சதா, துரத்துனதா?"

"ஈஸ்ட்டுல ரெண்டும் சேந்துதான்னு சொல்றாங்க. மனுச செல்லுல எப்படின்னு இன்னும் முழுசா தெரியலையாம்."

படித்தவர்களுக்கே தெரியாவிட்டால் நான் எங்கே போவேன்? இன்று ஜபத்தில் மேருமணி வந்தபோது, நிறுத்துவது நான்தானா என்று குழம்பி எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

அந்த மாலையையே வகுப்பில் காட்டக் கேட்கிறாள். நாற்பது பேர் கை படும். கொடுக்கவும் மனமில்லை, மறுத்தால் அவள் முகம் வாடுகிறது. போனில் கேட்டால் உங்களுக்குக் காதில் விழாது.

நம் கோயில் விபூதி கொஞ்சம் கடிதத்தில் வையுங்கள். இங்கு வாங்குவதில் அந்த வாசம் இல்லை. குக்கர் கூப்பிடுகிறது. மாலையைக் கொடுக்கலாமா என்று பத்தாம் தேதிக்குள் கிடைக்கும்படி பதில் எழுதுங்கள்.

வீரலட்சுமி