கமெரா பெட்டிக்குள் இருந்தது

11.2.1975

இன்றும் கோதுமை மா வரவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் வெயிலில் நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். மனேஜர் கதிரையில் புதிதாக ஒருவர் இருந்து விசிறிக்கொண்டிருந்தார். சில்வெஸ்ரர் செத்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் கதிரைக்கு ஆள் வந்துவிட்டது.

அந்த எரிச்சலோடு பள்ளிக்கூடம் போனால், அங்கே மேசையில் கொழும்புப் பேப்பர். அப்புத்துரை எழுதியிருக்கிறார். காரைநகர் ஆள், கொழும்பில் இருந்துகொண்டு சினிமா பற்றி எழுதுகிறவர். நாங்கள் படம் எடுத்த நாட்களில் ஒரே ஒரு நாள் வந்து நண்டுக்கறியோடு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனவர். தலைப்பு, "ஒரு படம், ஒரு பிணம்". சில்வெஸ்ரர் ஒரு காட்சிக்காக ஏழை மீனவன் ஒருவனைச் சோளகக் காற்றடிக்கும் கடலுக்கு அனுப்பிக் கொன்றவராம். அவருடைய மறைவை இழப்பென்று சொல்ல மனம் வரவில்லையாம்.

மனமா? உமக்கா?

சில்வெஸ்ரர் வாழ்நாளில் எடுத்தது ஒரே ஒரு படம். இந்த ஊர்காவற்றுறைக் கரையில், 1969இல். வசனம் எழுதியது நான். அந்த ஆவணியில் படத்துக்கு வந்த வள்ளம் கவிழ்ந்து அதன் சொந்தக்காரர் கிறிஸ்தோப்பர் கடலோடு போனார். அதன் பிறகு சில்வெஸ்ரருக்கு ஒருவரும் வள்ளம் கொடுக்கவில்லை, படமும் கொடுக்கவில்லை. சங்கக்கடைக் கதிரைதான் கிடைத்தது. அது போதாதென்று செத்த பிறகும் அடிக்கிறார்கள்.

12.2.1975

நான் எழுதப் போகிறேன். ஆசிரியருக்குக் கடிதம் அல்ல, புத்தகம்.

23.2.1975, ஞாயிறு

பூசை முடிந்து மரியநாயகி அக்கா வீட்டுக்குப் போனேன். சில்வெஸ்ரரின் மனைவி. குசினிக்குள் இருத்தித் தேத்தண்ணி தந்தார். பேப்பர்க் கதையை நான் எடுக்கவில்லை. அவரே தொடங்கினார்.

"மேரிறோஸுக்குப் பேசின சம்பந்தம் நிண்டு போச்சு, ஜசிந்தா. மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பேப்பரை வெட்டி வைச்சிருக்கினமாம்."

மேரிறோஸ் உள்ளறையில் இருந்தாள். மகளுக்குக் கேட்கக் கூடாதென்று அக்கா மெல்லப் பேசினார். அந்தச் சின்ன வீட்டில் கேட்காமல் எப்படிப் போகும்? தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவர் ஆரையும் கடலுக்கு அனுப்பேல்லை எண்டு எழுதப்போறன், அக்கா."

"எழுதும். அந்த மனுசன் ஒரு நாளும் வாய் திறக்கேல்லை. கேட்டால் எழும்பி வளவுக்குள்ள போயிடுவார். நீரெண்டாலும் எழுதும்."

9.3.1975

அந்த நாளை எழுதி முடித்தேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பின்னேரம் காற்று முறுகியது. சில்வெஸ்ரர் "இண்டைக்குக் காணும், நிப்பாட்டுவம்" என்றார். கமெராக்காரர் கமெராவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பெட்டி வான் வண்டியில் ஏறியது. அதே வானில் நானும் ஏறினேன். வான் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டபோது திரும்பிப் பார்த்தேன். சில்வெஸ்ரர் கரையில் தனியாக நின்று பாய்களை மடித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்தோப்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். மறுநாள் காலை செய்தி வந்தது.

கமெரா இல்லாத கரையில் எதைப் படம்பிடிக்க ஓர் ஆளைக் கடலுக்கு அனுப்புவது? ஆறு வருடமாக இதைத்தான் கேட்கிறேன். மரண விசாரணையின்போதும் கத்தினேன். சில்வெஸ்ரரே என்னைப் பிடித்து வெளியே கொண்டுவந்து "விடும், ஜசிந்தா" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

22.3.1975

பொறுக்க முடியாமல் பேப்பருக்கும் நாலு வரி எழுதிப் போட்டிருந்தேன். இன்று அப்புத்துரையின் பதிலோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். "கமெரா பெட்டிக்குள் இருந்ததென்றால், அந்த ஏழை எதற்காகக் கடலில் இறங்கினான்? காற்று வாங்கவா?" பிறகு கடைசி வரி: "இந்த அம்மையார் இவ்வளவு கொதிப்பதன் காரணத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளட்டும்."

கேவலம் கெட்டவன்!

பேப்பரைச் சுருட்டிக்கொண்டு நேரே மரியநாயகி அக்காவிடம் போனேன், வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே காட்டிவிட வேண்டுமென்று. அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். சில்வெஸ்ரர் செத்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "உந்த மனுசனுக்கு என்னோட கதைக்கவே நேரமில்லை. இதுக்குள்ள நீர் வேறையோ?"

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வழி முழுக்க அந்தக் கேள்வி கூடவே வந்தது. எதற்காகப் போனார் கிறிஸ்தோப்பர்? எனக்குப் பதில் தெரியாது. பதில் இல்லாமல் புத்தகம் போட்டால் ஊர் சிரிக்கும்.

செபஸ்தியம்மாவைக் கேட்க வேண்டும். கிறிஸ்தோப்பரின் மனைவி. ஆறு வருடமாகப் படத்துக்காரர் ஒருவரோடும் அவருக்குப் பேச்சில்லை.

20.4.1975

போகவில்லை. போன ஞாயிறும் போகவில்லை. பஸ் இல்லை, தலையிடி, கட்டுரைக் கொப்பி திருத்த வேண்டும்... சும்மா சாட்டு.

4.5.1975, ஞாயிறு

இன்று போனேன்.

செபஸ்தியம்மா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் போன வேகத்திலேயே கேட்டேன், விசாரணை வைப்பதுபோல. கமெரா வானில் ஏறிவிட்டது. பிறகு உங்கள் கணவர் ஏன் கடலுக்குப் போனார்? தெரியாதென்று மட்டும் சொல்ல வேண்டாம். ஒரு செத்த மனுசனைக் கொலைகாரன் என்று எழுதுகிறார்கள், ஒரு பெண்பிள்ளையின் கலியாணம் நின்றுவிட்டது.

அவர் ஒரு மீனைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். பிறகு சொன்னார். என் ஞாபகத்தில் உள்ளபடியே எழுதி வைக்கிறேன்.

"அந்தோனியார் பேர் எழுதின வள்ளம், ரீச்சர். பங்குச் சுவாமியார் மந்திரிச்சுத் தந்தது. கதையில வள்ளத்துக்கு வேற பேர் எண்டு, உங்கட ஆக்கள் அந்தோனியாரைச் சுரண்டிப்போட்டு 'நாகபூசணி' எண்டு எழுதிச்சினம். மற்ற ஆக்களின்ர சாமியை நான் குறை சொல்லேல்லை. ஆனா மந்திரிச்ச பேரை அழிச்ச வள்ளத்தில ஆர் தொழிலுக்குப் போவான்? படம் முடியத் திருப்பி எழுதலாம் எண்டு அவர் சொன்னவர். எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு. அண்டைக்குச் சாப்பிட வந்தவருக்கு நான் வேலிப் படலை திறக்கேல்லை. சுவாமியாரைக் கூட்டி வந்து வள்ளத்தை மந்திரிக்காமல் இந்த வளவுக்குள்ள கால் வைக்க வேண்டாம் எண்டிட்டன். சுவாமியார் அண்டைக்குக் கடலுக்கு அங்கால, அனலைதீவில நிண்டவர். அதுதான் போனவர். பசியோட போனவர்."

இதை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சில்வெஸ்ரர் விடேல்லை. அடக்கம் முடிஞ்ச மற்ற நாள் வேலிக்கு வெளியில வந்து நிண்டவர். 'மறிச்சுப் பாத்தனான், தங்கச்சி. கேக்கேல்லை. நீர் சொன்னதை எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவன். இனி ஆர் கேட்டாலும், படத்துக்குப் போனவர் எண்டு சொல்லும். பேரை அழிச்சது நான்தானே' எண்டவர். அவ்வளவுதான். பிறகு ஒரு நாளும் என்ர முகம் பாத்ததில்லை."

சங்கக்கடையில் செபஸ்தியம்மாவைக் கண்டால் சில்வெஸ்ரர் எழும்பிப் பின்னறைக்குப் போய்விடுவார். ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு என்று பேசியிருக்கிறது.

நான் எழும்பியபோது செபஸ்தியம்மா கேட்டார். "எழுதப் போறியளோ?"

நான் குனிந்து செருப்பைப் போட்டேன்.

"எழுதுறதெண்டால் எழுதுங்கோ. அவர் போய்ச் சேந்திட்டார். நான் இன்னும் இந்த ஊர்க் கிணத்திலதான் தண்ணி அள்ள வேணும்."

5.5.1975

சில்வெஸ்ரர், நீர் ஒரு மடையன்.

எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறு வருசம்! நான் தெருத் தெருவாக உமக்காகச் சண்டை பிடிச்சுக்கொண்டு திரிய, நீர் சங்கக்கடையில இருந்து அரிசி நிறுத்துக்கொண்டிருந்தீர். உம்முடைய பெண்சாதிக்குமா சொல்ல ஏலாமல் போச்சு? மேரிறோஸ் என்ன பாவம் செய்தவள்?

செபஸ்தியம்மாவும்தான். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறா. உம்முடைய செத்த வீட்டுக்குக்கூட வரவில்லை.

எனக்கு ஆரையும் பார்க்க விருப்பமில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை.

11.5.1975

எழுதினேன். எல்லாவற்றையும், படலை உட்பட. நாலு பக்கம். வாசித்தால் ஒருவரும் சில்வெஸ்ரரைக் குற்றம் சொல்ல முடியாது. அப்புத்துரை மூக்குடைந்து போவார். மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வருவார்கள்.

பிறகு என்ன நடக்கும்? ஊர் அடுத்த நாளே செபஸ்தியம்மாவுக்குப் பெயர் வைத்துவிடும். புருசனைக் கடலுக்குத் துரத்தினவள். இந்தச் சனத்தை எனக்குத் தெரியாதா? சில்வெஸ்ரருக்காவது கொழும்பு இருந்தது, போகலாம் என்றால் போயிருக்கலாம். இந்தப் பெண் எங்கே போவது?

சில்வெஸ்ரர் வாய் பொத்தியிருந்தது ஒரேயொரு காரியத்துக்காக. அவருடைய பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அதையே நான் உடைப்பதா? வேறு வழியும் தெரியவில்லை. ஒரு பக்கம் மேரிறோஸ், மறு பக்கம் இந்த மனுசி. நடுவில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவர் நிம்மதியாகப் படுத்திருக்கிறார்.

வள்ளத்தின் பெயரை அழித்ததும் அவர்தானே. அது பிழைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. கிறிஸ்தோப்பர் சம்மதித்துத்தான் கொடுத்தார். ஆனால் வீட்டில் ஒரு சொல் கேட்டிருக்கலாம். படம் எடுக்கிற வெறியில் இதெல்லாம் யாருக்கு உறைக்கும்?

18.5.1975

மரியநாயகி அக்கா கேட்டார். "செபஸ்தியம்மாட்டைப் போனனீராம். ஏதும் சொன்னவவோ?"

இல்லை என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தேத்தண்ணி ஆறுது, குடியும் என்றார்.

8.6.1975

நாலு பக்கத்தையும் அடுப்பில் போட்டேன். அந்த இடத்தில் புதிதாக எழுதியது இதுதான்: "கமெரா பெட்டிக்குள் இருந்தது. சில்வெஸ்ரர் யாரையும் அனுப்பவில்லை. கிறிஸ்தோப்பர் ஏன் போனார் என்பது எனக்குத் தெரியாது."

உண்மையை நிலைநாட்ட என்று தொடங்கிய புத்தகத்தில் நடுப்பக்கத்தில் பொய். கையெழுத்து எனக்கே பிடிக்கவில்லை.

2.8.1975

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. கடதாசி பழுப்பு. சில்வெஸ்ரரின் படம் மை அப்பி, ஆளையே அடையாளம் தெரியவில்லை. அச்சகக்காரரோடு நல்ல சண்டை. மேரிறோஸ் புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு "நன்றி, ரீச்சர்" என்றாள். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது.

14.9.1975

அப்புத்துரை எழுதிவிட்டார். எதிர்பார்த்ததுதான். "நூலாசிரியை எல்லாம் அறிவார், அறிய வேண்டியதை மட்டும் அறியார்." யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்தில் இதை வாசித்துச் சிரித்தார்களாம். பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள். சிரியுங்கோ. பல்லுத் தெரியச் சிரியுங்கோ.

பதில் எழுத முடியும். ஒரே ஒரு வரி போதும். அந்த வரி வாய் வரைக்கும் வந்து வந்து போகிறது.

5.10.1975, ஞாயிறு

செபஸ்தியம்மா வந்தார். என் வீட்டுக்கு, தலையில் கருவாட்டுக் கடகத்தோடு. கருவாடு வேண்டுமா என்று கேட்கவில்லை. கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, "அந்தப் புத்தகத்தில என்னைப் பற்றி என்ன கிடக்கு? எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசியுங்கோ" என்றார்.

அந்தப் பக்கத்தை வாசித்தேன். "எனக்குத் தெரியாது" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

"வேற?"

"வேறொண்டும் இல்லை."

"படலைக் கதை?"

"இல்லை."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கடகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு நன்றிகூட இல்லை. இந்த மனுசிக்காகவா நான் ஊரெல்லாம் பேச்சு வாங்குகிறேன்?

24.12.1975

மேரிறோஸுக்கு வேறு இடத்தில் பேசினார்கள். அவர்களும் விசாரித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள்.

18.1.1976, ஞாயிறு

சில்வெஸ்ரர் செத்து ஒரு வருடமாகிவிட்டது. மரியநாயகி அக்கா சொல்லியிருந்த ஆண்டுப் பூசை நேற்று விடியவே நடந்தது. நாங்கள் ஒரு சிலர்தான். இன்று வழமையான ஞாயிற்றுப் பூசை, கோயில் நிறையச் சனம்.

பூசை தொடங்குமுன் சுவாமியார் கருத்துகளை வாசித்தார், இன்னாருடைய ஆத்துமாவுக்காக இன்னார் ஒப்புக்கொடுப்பது என்று. நான் கவனமில்லாமல் இருந்தேன். "சில்வெஸ்ரரின் ஆத்தும இளைப்பாற்றிக்காக" என்பது காதில் விழுந்தது. அக்கா இன்னொரு பூசையும் சொல்லியிருக்கிறார் என்று நினைத்து அவரைப் பார்த்தேன். அவரும் விழித்துக்கொண்டிருந்தார். சுவாமியார் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வாசித்தார்.

"ஒப்புக்கொடுப்பவர், கிறிஸ்தோப்பர் செபஸ்தியம்மா."

பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பியது. செபஸ்தியம்மா முன்வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு முழந்தாளில் நின்றார். திரும்பவே இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி உரத்தே கேட்டாள். "செபஸ்தி, உனக்கென்ன விசரோ? உன்ர மனுசனைக் கொன்றவனுக்குப் பூசையோ?"

"அவர் மறிச்சவர்" என்றார் செபஸ்தியம்மா. குரல் உயரவில்லை. "படலையைப் பூட்டிப்போட்டு, போய்ச் சுவாமியாரைக் கூட்டி வா எண்டு கலைச்சது நான். இவ்வளவு காலமும் என்ர பாவத்தை அந்த மனுசன் தூக்கினவர். ரீச்சரும் தூக்கிப் பாத்தவ. காணும்."

கேட்டவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விலகிப் போனாள். மற்றவர்களும் மெல்ல மெல்ல விலகினார்கள். நாளைக்குக் கிணற்றடியில் என்ன நடக்குமென்று எனக்குத் தெரியும். செபஸ்தியம்மாவுக்கும் தெரியும். அந்தச் சனத்துக்கு நடுவில் அவரைச் சுற்றி மட்டும் வெறும் மணல்.

மரியநாயகி அக்கா மேரிறோஸின் கையை விட்டுவிட்டு அந்த மணலில் நடந்து போனார். அடிக்கப் போகிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அக்கா செபஸ்தியம்மாவின் கையைப் பிடித்தார். "வாரும், அவரிட்டைப் போவம்" என்றார். இரண்டு பேரும் சேமக்காலைக் கல்லறைகள் பக்கம் போனார்கள்.

நான் பின்னால் போகவில்லை. மேரிறோஸோடு வாசலில் நின்றேன்.