நான் ஒருத்தன்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இந்தப் பகுதியில் எந்தத் தொழில் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்று கடை கடையாகக் கணக்கெடுத்தே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. ஒரு தெருவில் நாற்பது கடை. ஆள் எத்தனை என்றால் எல்லாரும், "நான் ஒருத்தன்தான்மா." அதை எழுதிக்கொண்டு போனால் ஆபீசர் என்னைக் காய்ச்சுகிறார்.

நேற்று தையல்காரரும் அதையே சொன்னார். அவர் பின்னால் ஓர் அம்மாள் மெஷினில் குனிந்திருந்தார்.

"அப்ப அவங்க?"

"அவ என் வீட்டுக்காரி. சும்மா கூடமாட இருப்பா."

மெஷின் நின்றது. "சும்மாவா? அப்ப நான் எந்திரிச்சுப் போறேன். நீங்களே தைங்க."

"ரெண்டுன்னு எழுதிக்கோம்மா," என்றார் அவசரமாக.

சிரித்துவிட்டேன். பிறகுதான் சுருக்கென்றது. நம் அச்சகத்தில் இதே கணக்கெடுத்தபோது நீங்களும் "ஒருத்தன்" என்றீர்கள். அதை அப்படியே படிவத்தில் எழுதிக் கொடுத்தவள் நான். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து நோட்டு தைத்துக்கொண்டிருந்தாள்.

இங்கே வாங்கும் நோட்டெல்லாம் ஒரே வாரத்தில் தாள் தாளாகக் கழன்றுவிடுகிறது. அம்மா தைத்ததில் இரண்டு அனுப்புங்கள். எழுதாவிட்டாலும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

காத்திருந்த பஸ் வந்துவிட்டது. அடுத்த தடவை கணக்கெடுக்க வந்தால் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், அம்மா சொல்லட்டும்.

உங்கள் மகள்